என் கன்னடமும் ஒரு மெக்னீசியத் தகடும்

மெக்னீசியத் தகடு உருட்டுவதைப் பற்றி எம்.டெக்.கில் நாற்பது பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கியவன் நான். அந்த நாற்பது பக்கத்தையும் ஒரு நிஜ மெக்னீசியத் தகடு படித்திருந்தால் சிரித்திருக்கும். சிரிக்கவில்லை, விரிசல் விட்டது. நான் உருட்டச் சொன்ன ஒவ்வொரு தகடும், ஒன்று விடாமல்.

1998இல் ஓல்டு மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் இருந்த ஓர் உலோக ஆராய்ச்சிக் கூடத்தில் நான் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். குடியாத்தத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து ஜோகுபாளையத்தில் ஓர் அறை பிடித்திருந்தேன். எங்கள் வேலை இதுதான்: கையில் தூக்கிக்கொண்டு போகிற வயர்லெஸ் பெட்டிகளுக்கு ஒரு கம்பெனி மூடி செய்துகொண்டிருந்தது. அலுமினியத்தில் செய்தால் கை வலிக்கிறது என்று யாரோ ஓர் அதிகாரி சொல்லிவிட்டாராம். அலுமினியத்தைவிட மெக்னீசியக் கலவை எடை குறைவு. ஆகவே மெக்னீசியத்தில் தகடு உருட்டித் தரவேண்டும். அந்தத் தகட்டை வட்டமாக வெட்டிச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால் கிண்ணம் மாதிரி இறங்கவேண்டும், விரிசல் கூடாது. கேட்கச் சின்ன விஷயம்தான்.

ஆனால் மெக்னீசியம் ஒரு வீம்பு பிடித்த உலோகம். இரும்பும் அலுமினியமும் எந்தப் பக்கம் அழுத்தினாலும் உள்ளுக்குள் ஏதோ ஒரு வழியில் நகர்ந்து கொடுக்கும். மெக்னீசியத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருப்பவை. அந்த அடுக்கு போகிற திசையில் மட்டும் சுலபமாக வழுக்கும், மற்ற திசையில் முறைத்துக்கொள்ளும். சூடு செய்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒரே திசையில் விட்டு உருட்டினால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடக்கும். நல்லது, உள்ளே இருக்கிற பெரிய பெரிய படிகங்கள் உடைந்து பொடிப்பொடியாகும், பலம் கூடும். கெட்டது, அந்தப் பொடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அல்சூர் போகிற பஸ்ஸில் காலை நேரத்தில் எல்லோரும் டிரைவர் பக்கம் பார்த்தபடி நெருக்கி நிற்பதில்லையா, அந்த மாதிரி. கூட்டத்தை முன்னால் தள்ளுவது ஒரு விதம், பக்கவாட்டில் தள்ளுவது வேறு விதம். பக்கவாட்டில் தள்ளிய கண்டக்டருக்குச் சட்டைப் பொத்தான் போகும், எங்களுக்குக் கிண்ணம் போகும். ஒவ்வொரு கிண்ணமும் எதிரெதிராக இரண்டு இடத்தில் வாய் பிளந்துகொண்டு வந்தது.

உருட்டுகிற மில்லை ஓட்டியவர் அசோகன். ஆஸ்டின் டவுன்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. ரொம்ப வருஷமாக அதே மில்லில் நிற்கிறார், ஆனால் இன்னும் தினக்கூலி. மாதக் கடைசியில் எங்கள் தலைவர் கையெழுத்துப் போட்டால் அவருடைய கேட் பாஸ் அடுத்த மாதத்துக்கு ஓடும். போடாவிட்டால் ஓடாது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

தகடு உருட்டும்போது ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரு தடவை உருளைகளுக்குள் விட்டு எடுப்பதற்கு ஒரு பாஸ் என்று பெயர். பாஸ் முடிந்ததும் தகட்டை உலையில் வைத்துச் சூடேற்றி, தோசை போல மேல் பக்கத்தைக் கீழாகப் புரட்டிப் போட்டு, மறுபடி அதே திசையில் விடவேண்டும். புரட்டாமல் அதே திசையில் விட்டால் ஒரு பக்கமாகச் சுருளும். இது எழுதப்படாத விதி. எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மாதம் அசோகன் ஒரு நாள் லீவு போட்டார். அத்திபெலேவில் அக்கா மகள் கல்யாணம். எனக்கோ அன்றைக்கு அந்த வயர்லெஸ் பெட்டிக் கம்பெனியில் படம் காட்டி விளக்கவேண்டிய கூட்டம். நிறுத்த முடியாது என்று, உலோகத்தைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் பிரிவிலிருந்து ஓர் ஆளை இரவல் வாங்கினோம். பெயர் நாணு. கார்வார் பக்கத்து ஆள், வேலை நிரந்தரம், வந்து சில வாரம்தான். கன்னடம் தவிர ஒரு வார்த்தை தெரியாது.

எனக்குக் கன்னடம் தெரியும். தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கன்னடம் எப்படிப்பட்டது என்றால், தமிழ் வார்த்தையின் வாலில் ஒரு உகரத்தைக் கட்டி அனுப்புவது. பால் 'ஹாலு' ஆகிவிட்டால் போதும், மீதியெல்லாம் தானாக நடக்கும் என்பது என் கொள்கை. காய்கறிக் கடையில் அது செல்லுபடியானது. அந்தத் தெம்பில், கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் படப்பெட்டியும் மறு கையில் டையுமாக மில் அறை வாசலில் நின்று நாணுவுக்குக் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொரு பாஸுக்கும் சூடு பண்ணு, பிறகு... 'திருப்பிப் போடு' என்பதற்குக் கன்னடம் என்ன? ஒரு கணம்தான் யோசித்தேன்.

"திருகிசி ஹாகு," என்றேன் கம்பீரமாக.

நாணு தலையாட்டினார். நான் போய்விட்டேன்.

மறுநாள் வந்தபோது மேஜையில் வட்டமாக வெட்டிய ஆறு தகடுகள் இருந்தன. நாணுவே வெட்டும் இடத்துக்கு எடுத்துப்போய் வெட்டி வாங்கி, சோதனைப் பட்டைகளைச் சோதனைக் கூடத்து விஜியிடம் கொடுத்துவிட்டு ஃபோர்ஜிங்குக்குப் போய்விட்டார். மிச்சத் துண்டுகள் வழக்கம்போல மணல் டிரம்முக்குள் போயிருந்தன. மெக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும் என்பதால் அது இங்கே கண்டிப்பான பழக்கம்.

ஆறையும் அழுத்தினோம். ஆறும் கிண்ணமாக இறங்கின. விரிசல் இல்லை. விளிம்பில் ஒரு நெளிவுகூட இல்லை. நான் ஒரு கிண்ணத்தை எடுத்து அதில் டீ ஊற்றிக் குடிக்கலாமா என்று பார்த்தேன். விஜி கையைத் தட்டிவிட்டாள்.

எங்கள் தலைவர் டெஸ்மண்ட் அன்று டெல்லியில். போன் போட்டுச் சொன்னேன். கிண்ணம் வந்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"யாரு மேன் உருட்டினது?"

"நாணு சார்."

"யூ! வெரி குட், மேன்! வெரி குட்!"

கன்னடத்தில் 'நானு' என்றால் நான். டெல்லிவரை போன கம்பியில் ஒரு ணகரம் தேய்ந்துவிட்டது. திருத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும். திருத்தவும் செய்தேன். ஆனால் அவர் இன்னும் இரண்டு வெரி குட் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவது மரியாதையாக இருக்காது என்று பொறுத்திருந்தேன்.

விஜியின் வேலை இழுத்துப் பார்ப்பது. பட்டையை மெஷினில் மாட்டி அறுகிறவரை இழுத்து, எவ்வளவு பலம் என்று எழுதித் தருவாள். அன்று மாலை அவள் தந்த கணக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. உருட்டின திசையில் இழுத்தாலும் குறுக்கே இழுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பலம். எங்கள் தகட்டில் அப்படி வரவே வராது. எப்போதும் குறுக்கே இழுத்தால் ஒரு எண், நெடுக்கே இழுத்தால் வேறு எண்.

"ரெண்டு தடவையும் ஒரே பட்டையை மாட்டிட்டியா விஜி?"

"அறுந்த பட்டையை ஒட்டவெச்சு மறுபடி இழுப்பேன்னு நெனச்சீங்களா?"

"இல்ல, மார்க் மாறியிருக்கும்..."

"நாணு சாக்பீஸ்ல அம்பு போட்டுத்தான் குடுத்தாரு. அம்பு பார்த்துத்தான் இழுத்தேன். உங்க தகடு ஒழுங்கா வந்தா உங்களுக்குச் சந்தேகம், ஒழுங்கா வரலேன்னா எங்க மெஷின்மேல சந்தேகம். ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க."

நான் முடிவு பண்ணினேன். சோதனைப் பிழை என்று ஓரத்தில் எழுதி வைத்தேன். படித்தவன் இல்லையா.

டெஸ்மண்ட் டெல்லியிலிருந்தே அந்தக் கம்பெனிக்காரர்களை அழைத்துவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள், உங்கள் கண் முன்னால் உருட்டிக் காட்டுகிறோம்.

அசோகன் கல்யாணச் சாப்பாட்டு மினுமினுப்போடு திரும்பி வந்தார். சந்தோஷமாக உருட்டினார். கிண்ணம் பிளந்தது. மறுநாள் உருட்டினார். பிளந்தது. உலைச் சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். உருளைகளையும் சூடாக்கிப் பார்த்தேன். ஒரு பாஸில் அழுத்தும் அளவைக் குறைத்தேன். எண்ணெயை மாற்றினேன். என் சட்டையைக்கூட மாற்றினேன், அன்று கூட்டத்துக்குப் போட்ட நீலச் சட்டையைத் துவைக்காமல் போட்டு வந்தேன். மெக்னீசியம் எதையும் கண்டுகொள்ளவில்லை.

டெஸ்மண்ட் ஊர் திரும்பியதும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன ஒரு தொப்பியும் ஷிவாஜி நகர்த் தமிழும் வைத்திருப்பார். விஞ்ஞானத்தில் மட்டும் ஈவிரக்கம் கிடையாது.

"சொல்லு மேன். அதே கட்டியிலேர்ந்து அறுத்த துண்டா?"

"அதே கட்டி சார்."

"அதே உலை?"

"அதே உலை."

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சொன்னியா?"

"வார்த்தைக்கு வார்த்தை அதேதான் சார். நானே சொன்னேன்."

இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் வேலையில் குறையில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை. டெஸ்மண்ட் பேனாவை மேஜையில் உருட்டினார்.

"அப்போ ஒண்ணுதான் மாறியிருக்கு. ஆளு. அசோகன் கை சரியில்ல மேன். வயசாச்சோ, கவனம் இல்லியோ. நாணுவை மில்லுக்கு மாத்திடலாம், அவங்க ஃபோர்மென்கிட்ட பேசிட்டேன். அசோகன் பாஸ் இந்த மாசத்தோட போதும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லாம் ஒன்று, ஆள் மட்டும் வேறு, ஆகவே ஆள்தான் காரணம். நானே அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருப்பேன். அந்தக் கணக்கில் ஒரு வரி என் வாயிலிருந்து வந்தது என்பது மட்டும் வெளியே வந்து படி இறங்கும்போது உறுத்தியது. ஏன் உறுத்துகிறது என்று புரியவில்லை. கேண்டீன் சாம்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிக்கு எங்கள் கூடத்தில் எல்லாச் செய்தியும் முதலில் போய்விடும். மறுநாள் காலை அசோகன் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"இன்னா சார், என் கை பேஜாராமே?"

"யாரு சொன்னாங்க அசோகண்ணா?"

"யாரு சொன்னா இன்னா? நீங்க சொல்லுங்க. நீங்கதான் டெய்லி பக்கத்துல நிக்கிறீங்க. எங்க தப்பு பண்றேன்? உலையிலேர்ந்து எடுக்க லேட் பண்றேனா? கோணலா வுடறேனா?"

"இல்லண்ணா. ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன் அவன் பண்ணா வருது, நான் பண்ணா பிச்சுக்குது?"

அவர் இரண்டு கைகளையும் துணியில் துடைத்து, விரல்களை விரித்து, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். அசோகன் வாய் ஓயாத ஆள். என் சட்டையை, என் நடையை, என் குடியாத்தத்தைக் கேலி பண்ணாமல் அவருக்கு ஒரு நாள் விடியாது. அவர் கேலி பண்ணாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

டெஸ்மண்டிடம் போய் ஒரு பரீட்சை கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாணுவே என் எதிரில் ஒரு தரம் உருட்டட்டும். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அதையே அசோகனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். "ட்ரை பண்ணு மேன். ஆனா வெள்ளிக்கிழமை மில்லுல நாணுதான் நிப்பான்," என்றார் அவர்.

புதன்கிழமை மதியம் நாணு வந்தார். உலையிலிருந்து தகட்டை எடுத்துக்கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும், அதற்கு அசோகன் இடுக்கியோடு நின்றார். தன் இடத்தைப் பிடிக்க வந்தவருக்கு அவரே எடுபிடி. நாணுவுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது, அசோகன் முகத்தைப் பார்க்காமல் உருளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தேன். "நாணு, ஒந்தொந்து பாஸு..."

"ஐயோ, வுடுங்க சார்," என்றார் அசோகன். "உங்க கன்னடத்தைக் கேட்டா எனக்கே ஜுரம் வருது. நான் சொல்றேன்." நாணுவிடம் திரும்பி, ஆஸ்டின் டவுனில் பிறந்த கன்னடத்தில் மளமளவென்று சொன்னார். சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு, ஒவ்வொரு பாஸுக்கும் மகுச்சி ஹாகு. நாணு சரி என்று தலையாட்டினார்.

உருட்டினார்கள். தகடு ஒவ்வொரு தரமும் புரண்டது, அதே திசையில் போனது. நாணுவின் கையில் ஒரு மந்திரமும் இல்லை. அசோகன் செய்வதைத்தான் அவரும் செய்தார், இன்னும் கொஞ்சம் மெதுவாக. கடைசி பாஸில் தகடு வழக்கம்போல நீளமாக நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் ரம்பப் பல். வெட்டி, அழுத்தினோம். கிண்ணம் பிளந்தது, எதிரெதிராக இரண்டு இடத்தில்.

அசோகன் முகத்தில் சந்தோஷம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடுக்கியை முன்னைவிட மெதுவாகக் கீழே வைத்தார்.

நாணுதான் மிச்சமிருந்த நீளத் துண்டைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். அப்புறம் தயக்கத்தோடு சொன்னார்.

"சார், இவத்து உத்தா பந்திதெ. அவத்து சௌக்கா பந்தித்து."

இன்றைக்கு நீளமாக வந்திருக்கிறது. அன்றைக்குச் சதுரமாக வந்தது.

எனக்குக் கன்னடம் புரிந்தது. விஷயம் புரியவில்லை. சதுரத் துண்டு ஒன்றை ஒரே திசையில் திரும்பத் திரும்ப உருட்டினால் அது நீளமாகத்தான் ஆகும், சப்பாத்தி மாவைக் கேட்டாலும் சொல்லும். சதுரமாகவே இருக்கவேண்டுமென்றால்...

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று நினைவில்லை.

நாணு என் குரலை, என் நிமிர்ந்த தோளை, கையில் இருந்த டையைக்கூடக் காற்றில் பிடித்துக்காட்டிச் சொன்னார்: "திருகிசி ஹாகு."

சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த ஒரு சதுரத் தகட்டை எடுத்துக் கால் வட்டம் சுற்றினார். வலது பக்கம் இருந்த ஓரம் முன்னால் வந்தது. மறுபடி கால் வட்டம். மறுபடி. ஒவ்வொரு பாஸுக்கும் அப்படிச் சுற்றித்தான் உள்ளே விட்டாராம். இன்றைக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன். இங்கே தினமும் ஏதாவது ஒன்றை மாற்றுகிறீர்களே, இன்றைக்கு மாற்றியது இதுதான் போல என்று நினைத்தேன் என்றார். நியாயம்தானே.

அசோகன் கீழே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. இரும்பு நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"திருகிசின்னா சுத்தறது சார்! கொழாய் திருகற மாதிரி! பொரட்டறதுன்னா மகுச்சறது! தோசைய மகுச்சணும் சார், மகுச்சணும்! இத்தினி வருஷம் இந்த ஊர் தண்ணி குடிச்சிட்டு... நீங்க ஓட்டல்ல திருகிசின்னு சொன்னா தோசை கல்லுமேலயே ரவுண்டு அடிக்கும்!"

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே புரிந்துவிட்டது. விஜியின் கணக்கு பிழையில்லை. ஒரு தரம் நெடுக்கும் ஒரு தரம் குறுக்குமாக உருட்டினால் உள்ளே படிகங்கள் ஒரே பக்கமாகச் சாயாது. பஸ்ஸைக் கால் வட்டம் திருப்பி நிறுத்தி நிறுத்தி ஜனத்தை ஏற்றினது போல. யாரும் ஒரே பக்கம் பார்க்க முடியாது. பொடியாவது பொடியாகும், பலம் கூடும், ஆனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பதில் வரும். கிண்ணத்துக்கு அதுதான் தேவை. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, குறுக்கு உருட்டல் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. என் நாற்பது பக்கத்தில்கூட ஒரு பத்தி இருக்கிறது. நீளமாக வரவேண்டும் என்று தெரிந்தவன் அன்றைக்குத் தகட்டைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு அது நீளமாக வரவேண்டும் என்று தெரியாது. நடுவில் என் கன்னடம்.

"அண்ணா, நான் டெஸ்மண்ட் சார்கிட்ட போயிட்டு வரேன்."

அசோகன் சிரிப்பை நிறுத்தினார். "இன்னான்னு சொல்லுவீங்க?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"மானம் போவும் சார்."

"இருந்தாத்தானே போகும்."

டெஸ்மண்ட் முழுதாகக் கேட்டார். ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஒன்றேதான் என்று இதே நாற்காலிக்கு முன்னால் நின்று சொன்னது நான். இப்போது அதே வாயால் இல்லை என்கிறேன்.

"அப்போ ரிப்போர்ட்ல இன்னா எழுதறது மேன்? அசிஸ்டென்டுக்குக் கன்னடம் வரலேன்னா?"

"எழுதுங்க சார். ஆனா கிண்ணம் ஆள் மாறினதால வரல. சொன்னது மாறினதால வந்துச்சு. அசோகன் நான் சொன்னதைத்தான் பண்ணாரு. நாணுவும் நான் சொன்னதைத்தான் பண்ணாரு."

"நீ சொல்றே. ஒரு வாரம் முன்னாடியும் நீதான் சொன்னே."

அவர் சன்னல் வழியே மில் கொட்டகையைப் பார்த்தார்.

"ஓகே. நாளைக்கு நான் வரேன். அசோகன் மூணு தகடு உருட்டட்டும். சுத்தி வுட்டு. மூணும் நிக்கணும். ஒண்ணு பிளந்தாலும் வெள்ளிக்கிழமை நாணு, பாஸும் இல்லை. ஃபேர்?"

ஃபேர் என்றேன். படியிறங்கும்போதுதான் மூன்றில் ஒன்று வேறு ஏதாவது காரணத்துக்குப் பிளந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. மெக்னீசியத்துக்குக் காரணமா பஞ்சம்?

மறுநாள் டெஸ்மண்ட் தொப்பியோடு வந்து மில்லுக்கு எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். விஜி அழுத்தும் மெஷினைச் சூடாக்கி வைத்திருந்தாள். நாணு, வேண்டும் என்று யாரும் கேட்காமலே, ஃபோர்ஜிங்கில் சொல்லிவிட்டு வந்து உலை பக்கம் இடுக்கியோடு நின்றார்.

அசோகன் ஆரம்பித்தார். தகடு வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, உலைக்குப் போனது. அடுத்த தரம் கால் வட்டம். அவருடைய கை பழக்கத்தில் புரட்டப் போகும், நடுவில் நின்று சுற்றும். ஒவ்வொரு தரமும் அந்தத் தயக்கம். நான் உள்ளுக்குள் திருகிசி, திருகிசி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே சொன்னால் வேறு ஏதாவது ஆகிவிடும்.

முதல் தகடு சதுரமாக வந்தது. கிண்ணம் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தகட்டில் நாலாவது பாஸின்போது ஓரத்தில் ஒரு விரிசல் விழுந்தது, விரல் நகம் அளவுக்கு. அசோகன் அதைப் பார்த்தார். நான் பார்த்தேன். டெஸ்மண்டும் பார்த்தார், ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டார்.

"நிறுத்தலாமா?" என்றேன்.

"சும்னே இருங்க சார்," என்றார் அசோகன். தகட்டை உலையில் வைத்தார். சூடேறிய தகட்டை நாணு எடுத்துக் கொடுத்தார். அசோகன் சுற்றினார், விட்டார். விரிசல் வளரவில்லை. மறுபடி சூடு, மறுபடி சுற்று. விரிசல் அங்கேயே ஓரத்தில் நின்றது. வெட்டும்போது ஓரம் கழிந்து டிரம்முக்குப் போனது. வட்டத்தை விஜி அச்சில் வைத்து அழுத்தினாள். மெஷின் முனகியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

விஜி கையுறையோடு கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து மேஜையில் வைத்தாள்.

"நிக்குது," என்றாள்.

டெஸ்மண்ட் மூன்று கிண்ணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அப்புறம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கேட் பாஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அசோகனிடம் நீட்டினார்.

"ஐ வாஸ் ராங், அசோகன்."

"பரவால்ல சார்," என்றார் அசோகன். வாங்கிச் சீப்புக்குப் பின்னால் சொருகிக்கொண்டார். இன்னும் பெரிதாக ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் என்னைத் திட்டுவார் என்றாவது. அவர் எண்ணெய்த் துணியை எடுத்து உருளைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

டெஸ்மண்ட் போன பிறகு, துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு அந்த கம்பெனிக்காரங்க வருவாங்க இல்ல? எத்தினி தகடு சார்?"

"நாலு போதும் அண்ணா."

"ஆறு பண்றேன்," என்றார். "அப்புறம், அவங்க முன்னாடி எனக்கு ஏதாவது சொல்லணும்னா தமிழ்ல சொல்லுங்க. அதையும் மெதுவா சொல்லுங்க."